சுவரில் ஒரு பிளக் பாயின்ட்

போன வியாழக்கிழமை ஒரு அரசு அதிகாரியைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் – நான் கத்துகிற ஆள் இல்லை. கழக்கூட்டம் ஜங்ஷனில் தினமும் காலையில் எனக்கு முன்னால் ஒரு தனியார் பஸ் நடு ரோட்டில் நின்று ஆள் ஏற்றும். ஹாரன்கூட அடிக்க மாட்டேன். காரில் ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வேன். என் அதிகபட்ச எதிர்ப்பு அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவன், ஒரு வகுப்புக் குழந்தைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, தொண்டை கட்டிப்போகும் அளவுக்குக் கத்தினேன். தொண்டை சரியாகிவிட்டது. கோபம் இன்னும் சரியாகவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் இதே பக்கத்தில், லேப்டாப்பைக் காரில் சார்ஜ் செய்வது பற்றி எழுதியிருந்தேன். நினைவிருக்கிறதா? நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். ஆபீஸ் வேலை முடியவில்லை. மனைவி காரை ஓட்ட, நான் சிகரெட் லைட்டர் செருகுகிற துளையில் ஒரு அடாப்டரை மாட்டிக்கொண்டு, மடியில் லேப்டாப்பை வைத்துத் தட்டிக்கொண்டே போன கதை. கார் பேட்டரி கொடுப்பது பன்னிரண்டு வோல்ட். லேப்டாப் கேட்பதோ பத்தொன்பது. நேராகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாது. நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி அந்தப் பன்னிரண்டைப் பத்தொன்பதாக ஏற்றிக் கொடுக்கிறது. இவ்வளவுதான் விஷயம்.

அந்த அடாப்டர் எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்டார்கள். ஒருவர் மட்டும் வேறு மாதிரிக் கேட்டார்.

ஸ்டெல்லா டீச்சர். ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்து ஃபோன் செய்தார். பாறசாலைப் பக்கத்துக்காரர். பொன்முடி போகிற வழியில், விதுரா தாண்டி மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குழந்தைகளுக்கான சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறார். ஒரே அறை, ஒரே டீச்சர், நாலாம் வகுப்பு வரை. வேலை தற்காலிகம்.

கார் பேட்டரியும் சோலார் பேட்டரியும் ஒன்றுதானா என்று கேட்டார். பன்னிரண்டு வோல்ட் என்றால் ஏறக்குறைய ஒன்றுதான் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

அந்தப் பள்ளிக்கு கரண்ட் கிடையாது. எஸ்டேட் பாதி மூடிய நிலை. தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்கு வருகிற லைனே பாதி நாள் செத்துக் கிடக்கும். ஒரு அரசுத் திட்டத்தின்கீழ், ஒரு ஒப்பந்தக்காரர் மூலம் பள்ளிக்கு சோலார் வந்தது. கூரைமேல் ஒரு பேனல், மூலையில் ஒரு பேட்டரி, சில விளக்குகள். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு நல்ல மனிதர் லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். திறப்பு விழா நடந்தது. ரிப்பன், மாலை, பேச்சு. லேப்டாப் திரையில் படம் ஓடியது; எல்லோரும் கைதட்டினார்கள்.

வந்தவர்கள் மலை இறங்கிய பிறகு அந்த லேப்டாப் அணைந்தது. அதன்பின் அந்தப் பள்ளியின் பிளக் பாயின்ட்டில் அது ஒருநாளும் சார்ஜ் ஆகவில்லை.

டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? ஒருநாள் விட்டு ஒருநாள், விதுராவுக்கு இறங்குகிற ஜீப்பில் லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பினார். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் சார்ஜ் போட்டு, சாயங்கால ஜீப்பில் திரும்பி வரும். மறுநாள் வகுப்பில் பேட்டரி தீருகிறவரை ஓடும். மழையில் ஜீப் வராவிட்டால் லேப்டாப்பும் இல்லை.

ஒரு லேப்டாப்புக்காக இவ்வளவு பாடா என்று நானும் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலில்தான் இந்த விஷயத்தின் கனம் எனக்குப் புரிந்தது.

அந்தக் குழந்தைகள் வீட்டில் பேசுவது தமிழ். அஞ்சாம் வகுப்புக்கு மலையிறங்கிப் போனால், அங்கே எல்லாம் மலையாளம். வகுப்பில் ஒன்றும் புரியாமல் சில வாரம் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு வர மாட்டார்கள். கொழுந்து பறிக்கவோ, டவுனில் ஹோட்டல் வேலைக்கோ போய்விடுவார்கள். வருஷா வருஷம் இதுவே நடந்தது. ஸ்டெல்லா டீச்சர் அந்த லேப்டாப்பில் பாடம் செய்தார். ஒரு படம், அதற்குத் தமிழில் அவர் குரல், பிறகு மலையாளத்தில் அவர் குரல். குழந்தைகள் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். அப்படிப் படித்துக் கீழே போன பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்கவில்லை.

இதற்குப் பரிசாக அவருக்கு என்ன கிடைத்தது? ஒரு மெமோ. பிளக் பாயின்ட் வேலை செய்யவில்லை என்று அவர் ஒப்பந்தக்காரரின் ஆபீஸிலும் மாவட்ட அலுவலகத்திலும் பலமுறை புகார் சொல்லியிருக்கிறார். பதிலாக வந்தது – டீச்சரின் கவனக்குறைவால் கருவிகள் பழுதடைந்துள்ளன, விளக்கம் தரவும். கூடவே ஒரு செய்தி: அதிகாரி ஒருவர் பரிசோதனைக்கு வருவார், கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் பள்ளியைக் கீழே இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். சேர்ப்பதாவது! அந்த மலையிலிருந்து ஆறு வயதுக் குழந்தை தினமும் இறங்கி ஏறுமா? மூடுவதற்கு இவர்கள் வைத்திருக்கிற நாசூக்கான பெயர் அது.

அந்த வார சனிக்கிழமையே போனேன். எங்கள் ஊர்க் கடைத்தெருவான சாலை பஜாரில் கொஞ்சம் வயர், ஒரு ஃபியூஸ், கார்களில் இருப்பது போன்ற லைட்டர் சாக்கெட் ஒன்று எல்லாம் வாங்கிக்கொண்டேன். கூடவே என் அடாப்டரும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, எஸ்டேட் பாதையில் அடிவயிறு உரச உரச என் சின்னக் கார் பள்ளி முற்றத்தில் போய் நின்றது.

ஸ்டெல்லா டீச்சருக்கு முப்பது வயதிருக்கும். மெலிந்த உருவம், அழுத்தமான நடை. லேப்டாப்பை ஒரு துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார்.

முதலில் லேப்டாப் பழுதா இல்லையா என்று தெரிய வேண்டும். கார் என்ஜினை ஓடவிட்டு அடாப்டரைச் செருகினேன். சார்ஜ் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். லேப்டாப் நன்றாக இருந்தது.

அடுத்து பேட்டரியைப் பார்த்தேன். நல்ல பேட்டரி. பேனலும் ஒழுங்காக வேலை செய்தது. விளக்குகள் எரிந்தன. பிறகு என்னதான் கோளாறு?

கரும்பலகைக்குப் பக்கத்தில் சுவரில் அந்த பிளக் பாயின்ட் இருந்தது. வெள்ளை பிளாஸ்டிக், பளபளப்பு, ஒரு சிவப்பு சுவிட்ச். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு திருகையும் கழற்றி மூடியை எடுத்தேன்.

பின்னால் ஒன்றும் இல்லை.

வயர் அறுந்திருந்தது என்று சொல்லவில்லை. வயரே இல்லை. வயர் வருவதற்கு ஒரு துளைகூட இல்லை. வெள்ளையடித்த சுவர் அப்படியே முழுசாக இருந்தது. பன்னிரண்டு வோல்ட்டை வீட்டு கரண்ட்டாக மாற்றித் தர ஒரு இன்வெர்ட்டர் வேண்டும்; அது இருந்தால்தான் பிளக் பாயின்ட்டுக்கே அர்த்தம். அறை முழுக்கத் தேடினேன். இன்வெர்ட்டர் இல்லை. அது மாட்டியிருந்த அடையாளமும் இல்லை. யாரோ ஒரு ஆள் கடையில் ஒரு பிளக் பாயின்ட் வாங்கி, வெறும் சுவரில் வைத்துத் திருகிவிட்டுப் போயிருக்கிறான். திறப்பு விழாவில் லேப்டாப் ஓடியது அதனுடைய சொந்த பேட்டரியில். கீழேயிருந்தே முழுசாக சார்ஜ் செய்து கொண்டுவந்திருக்கிறார்கள். படம் எடுப்பதற்காக வயரைச் சுவரில் செருகி வைத்திருக்கிறார்கள்.

டீச்சர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். விரலால் அந்தச் சுவரைத் தொட்டார்.

"இதுல பிளக்கச் சொருகிட்டு நான் எத்தன தடவ பிரார்த்திச்சிருக்கேன் தெரியுமா சாரே... என் கைதான் சரியில்லன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு அப்போது வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. காசு தின்பவர்களை நாம் பார்த்ததே இல்லையா? பாலத்தில் தின்கிறார்கள், ரோட்டில் தின்கிறார்கள். பழகிவிட்டது. ஆனால் இது? ஒன்றுமே வைக்காமல் போயிருந்தால்கூட, இல்லை என்று தெரிந்திருக்கும். வேறு வழி பார்த்திருப்பார். இவன் ஒரு பொய்யைச் சுவரில் திருகி வைத்துவிட்டு, தப்பு தன்னுடையது என்று ஒரு பெண்ணை இத்தனை காலம் நம்ப வைத்திருக்கிறான்.

பேட்டரியிலிருந்து வயர் இழுத்தேன். நடுவில் ஃபியூஸ், முனையில் லைட்டர் சாக்கெட், அதில் என் அடாப்டர். அதாவது, காரில் செய்வதையே கார் இல்லாமல் செய்தேன். லேப்டாப் சோலாரில் சார்ஜ் ஆனது. பேனல் சின்னது, லேப்டாப் சார்ஜ் ஆகும்போது விளக்குகளை அணைத்துவிட வேண்டும், மூடுபனி நாளில் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது என்று சொன்னேன். பகலில் விளக்கு எதற்கு சார் என்றார் டீச்சர். லேப்டாப்பிலிருந்து அவர் குரலே முதலில் தமிழிலும் பிறகு மலையாளத்திலும் வந்தது. ஜன்னலுக்கு வெளியே கூடியிருந்த குழந்தைகள் அங்கிருந்தே ஒன்றாகத் திருப்பிச் சொன்னார்கள்.

பரிசோதனை வியாழக்கிழமை என்று தெரிந்ததும் லீவு போட்டுவிட்டு நானும் போனேன்.

அதிகாரி மோசமான ஆளாகத் தெரியவில்லை. அதையும் சொல்லவேண்டும். மலையேறி வந்த களைப்பில் பால் விடாத கட்டன் சாயா குடித்தார். குழந்தைகளின் பெயரையெல்லாம் கேட்டார். லேப்டாப் ஓடுவதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வயரைக் கண்ணால் தொடர்ந்துபோய், என் லைட்டர் சாக்கெட்டைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். ஒரு இன்வெர்ட்டர் வாங்கிப் பொருத்தியதாக அதில் இருந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"பேப்பர்ல இன்வெர்ட்டர் உண்டு. இவிட இல்லா. அப்போ அது எவிட போயி, டீச்சரே?"

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. வாசலில், கொழுந்துப் பறிப்புக்கு நடுவே எட்டிப் பார்க்க வந்த அம்மாக்கள் சிலர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் புரிந்தது.

அப்போதுதான் கத்தினேன்.

வராத பொருள் எப்படிக் காணாமல் போகும் என்று கேட்டேன். திறப்பு விழாவுக்கு மேடையேறி மாலை வாங்கியவர்களில் ஒருவராவது அந்த சுவிட்ச்சைப் போட்டுப் பார்த்தாரா என்று கேட்டேன். இத்தனை புகாருக்குப் பிறகும் ஒரு ஆள் ஏறி வந்து பார்க்கவில்லை, இப்போது வந்து திருட்டுப் பட்டமா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன்.

பலன்? அதிகாரி காகிதங்களை மூடினார். "நிங்கள் ஆரா? இவிட நிங்களுக்கு எந்தா காரியம்?" என்றார். முன்வரிசையில் ஒரு குழந்தை என் சத்தத்துக்குப் பயந்து அழ ஆரம்பித்தது. ஒரு மனிதன் நியாயமான கோபத்தோடு ஒரு காரியத்தை எவ்வளவு வேகமாகக் கெடுக்க முடியும் என்பதற்கு நானே சாட்சி.

ஸ்டெல்லா டீச்சர் அழுத குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மேஜைமேல் கிடந்த என் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். அந்த மூடியை நீங்களே கழற்றிப் பாருங்கள் சார் என்று மலையாளத்தில், மெதுவாகச் சொன்னார்.

அவர் தயங்கினார். வகுப்பு முழுக்க அவரையே பார்த்தது. எழுந்து போய்க் கழற்றினார். உள்ளே பார்த்தார். விரலை வைத்துச் சுவரைத் தடவினார். நகத்தால் சுரண்டினார், சுண்ணாம்பு உதிர்ந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வாசலில் நின்ற அம்மாக்களில் ஒருவர், சாமான்களை ஜீப்பிலிருந்து இறக்கிச் சுமந்து வந்தது நாங்கள்தான், அப்படி ஒரு பெட்டி வரவே இல்லை என்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்த அதிகாரியின் குரல் மாறியிருந்தது. இப்போது லேப்டாப் ஓடுகிறதல்லவா என்றார். ஓடுகிறது என்றே எழுதிவிடுகிறேன்; பள்ளியை மூட வேண்டாம்; டீச்சருக்கு மெமோவும் வேண்டாம்; இன்வெர்ட்டர் பேச்சை நான் எடுக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்; எல்லோருக்கும் நிம்மதி என்றார்.

உள்ளதைச் சொல்கிறேன் – எனக்கு அப்பாடா என்று இருந்தது. பள்ளி பிழைத்தது, டீச்சர் பிழைத்தார், கிளம்பலாம் என்றே நினைத்தேன். சாலை பஜாரில் நான் வாங்கிய வயர்தான் இனிமேல் அந்த ஒப்பந்தக்காரருடைய இன்வெர்ட்டர் ஆகப்போகிறது என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை.

டீச்சருக்கு உறைத்தது. நேராகப் போய் அடாப்டரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். அதிகாரியைப் பார்த்துப் பேசினார். வேண்டுமென்றே தமிழில்.

"இது இந்த சார் கொண்டுவந்த சாதனம். சர்க்கார் தந்தது அந்தச் சுவத்துல இருக்கு. நீங்க பார்க்க வந்தது அதத்தான்."

டீச்சரின் குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் நிறுத்தவில்லை.

"எடுத்துட்டுப் போயிட்டேன்னு நீங்க நெனச்சது பிள்ளைங்க காதுல விழுந்தாச்சு. இல்லைன்னு நீங்க எழுதுறதும் அதுங்க காதுல விழணும்."

தற்காலிக டீச்சர். அடுத்த வருஷம் வேலை நீட்டிப்புக்கு இதே அதிகாரியின் மேஜைக்குத்தான் போயாக வேண்டும். அவருக்கு அது தெரியாதா? நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

அதிகாரி ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். என்ன யோசித்தார், எதற்குப் பயந்தார், யார் யார் முகமெல்லாம் அவர் கண்முன் வந்துபோயின – எனக்குத் தெரியாது. கடைசியில் எழுதினார். எழுதியதை மலையாளத்தில் உரக்கப் படித்தார். பிளக் பாயின்ட்டுக்கு இணைப்பு கொடுக்கப்படவில்லை. இன்வெர்ட்டர் பொருத்தப்பட்டதற்கான அடையாளம் இல்லை. ஆசிரியை மீது தவறில்லை.

ஆபீஸ் மலையாளம். வாசலில் நின்ற அம்மாக்களுக்குப் பாதி புரிந்திருக்காது. நாலாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு பெண்குழந்தை எழுந்து நின்று தன் அம்மாவைப் பார்த்துச் சொன்னது:

"டீச்சர் எடுக்கலையாம், அம்மா. ஆரும் வெக்கவே இல்லையாம்."

ஸ்டெல்லா டீச்சர் அப்போதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அதிகாரி அந்தப் பெண்குழந்தையைப் பார்த்தார். அந்தக் குழந்தை மலையாளத்தைக் கேட்டுத் தமிழில் சொன்னதை அவரும் கவனித்தார் என்றுதான் நினைக்கிறேன். போகும்போது டீச்சரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். என்னிடம் சொல்லவில்லை. நியாயம்தான்.

அவர் ஜீப் இறங்கியதும் அடாப்டரை மறுபடி மாட்டிவிட்டு வந்தேன். எனக்கு நாகர்கோவிலில் இனி கல்யாணம் எதுவும் இல்லை.

பள்ளி மூடப்படவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் ஜீப்பில் ஒரு இன்வெர்ட்டரோடு ஏறிப் போய்ப் பொருத்திவிட்டார்கள். சுவரைத் துளைத்து வயர் இழுத்து, ஒழுங்காக. வேலை முடிந்ததும் மூடியைக் கழற்றிக் காட்டினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று டீச்சர் நின்றாராம். ஃபோனில் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வேலை நீட்டிப்பு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிறகு ஏன் கோபம் சரியாகவில்லை என்கிறீர்களா?

திங்கட்கிழமை எனக்கு ஒரு ஃபோன் வந்தது. ஒப்பந்தக்காரரின் ஆபீஸிலிருந்து மேனேஜர். குரலில் அப்படி ஒரு மரியாதை. நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கே ஆள் அனுப்புகிறோம் என்றார். ஏதோ சின்னக் கவனப்பிசகு என்றார். பிறகு கொஞ்சம் மனத்தாங்கலோடு சொன்னார்:

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே வெச்சுக் குடுத்திருப்போமே சார். இத்தன நாளா யாரும் கேக்கலியே?"

அந்தப் பள்ளி டீச்சர் உங்கள் ஆபீஸுக்கே எத்தனையோ தடவை ஃபோன் செய்திருக்கிறாரே என்றேன்.

"ஓ... டீச்சரா?" என்றார்.

ஃபோனை வைத்துவிட்டேன். டீச்சர் கேட்டால், யாரும் கேட்கவில்லை என்று அர்த்தமாம்.